கனடாவில் முன்னோரின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொரான்டோ, மாண்ட்ரியல் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களில் மருமகளோ மருமகனோ ஐரிஷ், ஸ்காட்டிஷ், பிரெஞ்சு வழி வந்தவராக இருப்பது இப்போது சாதாரணம். பள்ளியில் வம்ச மரம் வரைந்து வரச் சொன்னால் பிள்ளை இரண்டு பக்கத்தையும் கேட்கும். நம் பக்கத்துக்குப் பாட்டியைக் கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பக்கத்துக்குப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பக்கம்.

கனடா முழுவதற்கும் ஒரே பதிவேடு இருக்கிறதா?

இல்லை. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிவு செய்வது மாகாண அரசின் வேலை, மத்திய அரசின் வேலை அல்ல. ஒட்டாவாவில் கனடா நூலக ஆவணக் காப்பகம் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கப்பல் பயணிகள் பட்டியல், ராணுவக் கோப்புகள் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் பிறப்புச் சான்றிதழ் கேட்டு எழுதினால் மாகாணத்தைக் கேளுங்கள் என்றுதான் பதில் வரும்.

இன்சுலின் கண்டுபிடித்த ஃபிரெடெரிக் பான்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1891இல் ஒன்டாரியோவின் அலிஸ்டன் ஊரில் பிறந்தார். 1924இல் டொரான்டோவில் திருமணம். இரண்டுக்கும் ஒன்டாரியோ பதிவேடு. 1941இல் விமான விபத்தில் இறந்தது நியூஃபவுண்ட்லாந்தில். அப்போது அது கனடாவிலேயே சேரவில்லை, 1949இல்தான் சேர்ந்தது. புதைத்ததோ டொரான்டோவின் மவுண்ட் பிளசன்ட் கல்லறையில். ஆக, ஒரே மனிதருக்கு இரண்டு அரசுகளின் ஏடுகளும் ஒரு கல்லறை நிர்வாகத்தின் ஏடும். உங்கள் ஆள் இதைவிட அதிகம் அலைந்தவராக இருக்கலாம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

இறப்பிலிருந்து. அங்கிருந்து திருமணத்துக்கு, அப்புறம் பிறப்புக்கு. பலர் நேராகப் பிறப்பில் இறங்கி, அதே பெயரில் அதே வட்டாரத்தில் ஏழெட்டு ஜான் மக்டொனால்டுகளைப் பார்த்து நொந்துபோகிறார்கள். இறப்புப் பதிவு கையில் இருந்தால் வயது, பிறந்த ஊர், மதம், சில நேரம் பெற்றோர் பெயரும் தெரிந்துவிடும். அப்போது ஏழெட்டில் நம்மவர் யார் என்று கழித்துக்கட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. இறப்புப் பதிவில் இறந்த தேதியை நம்பலாம், பிறந்த தேதியை அவ்வளவாக நம்ப முடியாது. அதைச் சொன்னவர் இறந்தவர் அல்ல, வீட்டிலிருந்த வேறு யாரோ. மாமனாருடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்னவென்று ஒரு மருமகனை எழுப்பிக் கேட்டால் என்ன சொல்வார்? அவர் சொன்னதைத்தான் எழுத்தர் எழுதியிருப்பார். தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள்.

அரசுப் பதிவு எப்போது தொடங்கியது?

மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஒன்டாரியோவில் 1869 ஜூலை 1. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1872. மனிடோபாவில் 1882, நியூ பிரன்ஸ்விக்கில் 1888, நியூஃபவுண்ட்லாந்தில் 1891. பிரின்ஸ் எட்வர்ட் தீவு ஆக மெதுவாக 1906இல் வந்தது. ஆல்பர்ட்டாவும் சஸ்காட்செவனும் மாகாணங்களானதே 1905இல்தான்; அதற்கு முந்தைய பதிவுகள் வடமேற்குப் பிரதேசக் காலத்தவை, அங்கங்கே ஓட்டை இருக்கும். கியூபெக் தனிக்கதை, கீழே வருகிறது.

நோவா ஸ்கோசியாவில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. பிறப்பும் இறப்பும் 1864 முதல் 1877 வரை பதிவாயின. பிறகு நிறுத்திவிட்டார்கள், 1908 அக்டோபரில்தான் மறுபடி தொடங்கினார்கள். திருமணப் பதிவு மட்டும் இடையில் நிற்கவில்லை. எனவே 1890இல் கேப் பிரட்டனில் பிறந்த ஒருவருக்கு அரசுப் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்றால் அது உங்கள் தேடலின் குறை அல்ல, அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை. தேவாலய ஏட்டுக்குப் போங்கள்.

சட்டம் வந்த நாளிலிருந்தே எல்லோரும் பதிவு செய்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஒன்டாரியோவில் குழந்தை பிறந்தால் பெற்றோர்தான் நகராட்சி எழுத்தரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் பன்னிரண்டு மைல் தள்ளிப் பண்ணையில் இருப்பவர், அதுவும் ஆறாவது பிள்ளைக்கு, எங்கே போவார்? ஆரம்ப ஆண்டுகளில் விடுபட்டவை நிறைய.

ஒன்டாரியோ பதிவில் என்னென்ன இருக்கும்?

நான் அதிகம் பார்ப்பது இவைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1870களின் பிறப்புப் பதிவு அகலமான ஏட்டில் ஒரு வரிசை. பிறந்த தேதி, பெயர், ஆணா பெண்ணா, தந்தை பெயர், தாயின் பெயரும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும், தந்தையின் தொழில், தகவல் கொடுத்தவர், பதிவான தேதி, பிரசவம் பார்த்தவர் என்று கட்டங்கள். பெயர் கட்டம் காலியாகக்கூட இருக்கும். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று பொருள். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் தங்கம். அதை வைத்துத்தான் அடுத்த தலைமுறைக்குத் தாவுகிறோம்.

மூன்றில் திருமணப் பதிவுதான் வளமானது. மணமகன், மணமகள் இருவரின் வயது, வசிக்கும் ஊர், பிறந்த ஊர், மதம், இருவரின் பெற்றோர் பெயர்கள், சாட்சிகள், நடத்திவைத்த போதகர் எல்லாம் இருக்கும். சாட்சிகளை விட்டுவிடாதீர்கள், பாதி நேரம் அண்ணன், தங்கை, மச்சான் யாராவதாக இருப்பார்கள். திருமணம் கிடைக்கவில்லை என்றால் எல்லை தாண்டித் தேடுங்கள். வின்ட்சர்க்காரர்கள் ஆற்றைக் கடந்து டெட்ராய்ட்டிலும், நயாகரா பக்கத்தவர் நியூயார்க் மாநிலத்திலும் கட்டிக்கொண்டு வருவது அந்தக் காலத்தில் சகஜம்.

இறப்புப் பதிவில் வயது, தொழில், பிறந்த இடம், இறப்புக்குக் காரணம், எத்தனை நாள் நோய், மருத்துவர் பெயர் ஆகியவை. 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் பெற்றோர் பெயர் பொதுவாக இராது; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படிவம் மாறிய பிறகு அதுவும் சேர்ந்தது. காரணத்தில் 'தைசிஸ்' என்று இருந்தால் காசநோய்.

1869க்கு முன்னால் ஒன்டாரியோவில் எதைப் பார்ப்பது?

தேவாலய ஏடுகளை. அதற்கு மதப் பிரிவு தெரிய வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்துக்குத் தனிக் கட்டம் உண்டு, அங்கே பாருங்கள். மெதடிஸ்ட் என்று கண்டால் யுனைடெட் சர்ச் காப்பகத்தில் கேளுங்கள். 1925இல் மெதடிஸ்ட்களும் காங்கிரகேஷனலிஸ்ட்களும் பிரெஸ்பிடேரியர்களில் பெரும்பாலோரும் சேர்ந்துதான் அந்தச் சபை உருவானது.

திருமணத்தில் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. 1793 சட்டப்படி மேல் கனடாவில் (ஒன்டாரியோவின் அன்றைய பெயர்) ஆங்கிலிக்கன் குருக்கள்தான் திருமணம் நடத்தலாம், அவர்கள் அருகில் இல்லாத இடத்தில் நீதவான்கள் செய்துவைக்கலாம். 1798இல் லூதரன், கால்வினிய, ஸ்காட்லாந்து சபைப் போதகர்களுக்கும், 1831இல் மெதடிஸ்ட் உள்ளிட்ட மற்றவர்களுக்கும் அனுமதி வந்தது. பக்தியான மெதடிஸ்ட் குடும்பத்தின் 1820ஆம் ஆண்டுத் திருமணம் ஆங்கிலிக்கன் ஏட்டில் கிடந்தால் அதற்கு மதமாற்றம் காரணம் அல்ல, இந்தச் சட்டம்தான். 1831க்குப் பிந்தியவற்றை மாவட்டத் திருமண ஏடுகளிலும், 1858 முதல் 1869 வரையானவற்றை கவுன்டி ஏடுகளிலும் தேடலாம்.

கியூபெக் எளிது என்கிறார்களே, உண்மையா?

கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் உண்மைதான். உலகத்திலேயே இவ்வளவு தொடர்ச்சியான பதிவு கொண்ட இடங்கள் குறைவு. பங்குக் குருவே அரசுப் பதிவாளராகவும் இருந்தார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றைக் கோவிலில் வைத்து மற்றதை நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கோவில் எரிந்தாலும் ஒரு பிரதி பிழைத்தது. இரட்டைப் பிரதி வழக்கம் வருவதற்கு முன், 1640இல், கியூபெக் நகரத் தேவாலயம் எரிந்தபோது ஏடுகளும் போயின. நினைவிலிருந்து திரும்ப எழுதினார்கள். இந்தத் தேவாலய முறை 1994 தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பிறகுதான் மாகாண அரசின் குடிநிலை இயக்குநரகம் முழுமையாக எடுத்துக்கொண்டது.

இங்கே வித்தை என்னவென்றால், திருமணத்திலிருந்து திருமணத்துக்குத் தாவுவது. திருமண ஏட்டில் இருவரின் பெற்றோர் பெயரும் இருக்கும், தாயின் பெயர் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரோடேயே இருக்கும். அந்தப் பெற்றோரின் திருமணத்தைத் தேடுங்கள், அங்கே அடுத்த பெற்றோர். இப்படியே 17ஆம் நூற்றாண்டு வரை இறங்கிவிடலாம். ஒரே இடத்தில் சங்கிலி அறும்: மறுமணம். விதவைக்கோ மனைவியை இழந்தவருக்கோ பெற்றோர் பெயருக்குப் பதிலாக இறந்த துணையின் பெயரைத்தான் குரு எழுதுவார். அப்போது முதல் திருமணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

உறவுக்குள் திருமணம் என்றால் திருச்சபையின் விலக்கு வாங்க வேண்டும், அதுவும் ஏட்டில் பதிவாகும். இரண்டாம் படி என்றால் இருவரின் தாத்தா பாட்டி ஒருவரே. மூன்றாம் படி என்றால் கொள்ளுத் தாத்தா. மாமன் மகளைக் கட்டிப் பழகிய நமக்கு இதற்கு அனுமதியா என்று தோன்றும். தேடுபவருக்கோ அந்த ஒரு வரி ஒரு தலைமுறை வேலையை மிச்சம் பிடிக்கும்.

புராட்டஸ்டன்ட் குடும்பமானால் இவ்வளவு சுகம் இல்லை. பதிவுகள் சுருக்கமாக இருக்கும், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் பல நேரம் விடுபட்டிருக்கும்.

பிரெஞ்சு தெரியாதே, என்ன செய்வது?

தெரிய வேண்டாம். குரு எழுதும் வாசகம் ஒரே அச்சு. "இன்ன ஆண்டு இன்ன நாள், கீழே கையெழுத்திடும் குருவாகிய எம்மால், இந்தப் பங்கின் விவசாயி இன்னாருக்கும் இன்னாளுக்கும் சட்டப்படியான திருமணத்தில் நேற்றுப் பிறந்த இன்னார் ஞானஸ்நானம் பெற்றார், ஞானத்தந்தை இன்னார், ஞானத்தாய் இன்னார், இவர்கள் கையெழுத்திடத் தெரியாது என்றனர்." நாலைந்து பதிவுகள் பார்த்தால் கண் பழகிவிடும். ஆண்டு எண்ணில் இராது, எழுத்தில் இருக்கும்: 'மில் ஹுய் சான்' என்றால் ஆயிரத்து எண்ணூறு. 'இயேர்' என்றால் நேற்று, 'ஓஜோர்துயி' என்றால் இன்று. ஆகவே பதிவின் தேதி ஞானஸ்நானத் தேதி. பிறந்த தேதியை நீங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். அடக்கப் பதிவிலும் இதே கணக்குதான்.

கூடவே 'தித்' (பிரெஞ்சில் 'என்று அழைக்கப்படும்') பெயர்களுக்குத் தயாராக இருங்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் ஓடும், ஒரு தலைமுறையில் முதலாவது, அடுத்ததில் இரண்டாவது. பிரதமராக இருந்த வில்ஃப்ரிட் லோரியேயின் முன்னோர் கொத்தினோ தித் ஷாம்ப்லோரியே. பிற்காலத்தில் கொத்தினோ உதிர்ந்து, ஷாம்ப்லோரியேயின் வால் மட்டும் லோரியே என்று நின்றது.

பெயர் போட்டுத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. பதிவே இல்லையா?

அவசரப்படாதீர்கள். நீங்கள் தேடுவது பதிவை அல்ல, யாரோ தட்டச்சு செய்த அட்டவணையை. கோணல் கையெழுத்தைப் படித்து ஒருவர் ஊகித்ததே அந்தப் பெயர். ஐரிஷ் ஓ'பிரையனில் ஓ போயிருக்கும், ஸ்காட்டிஷ் மக் வேறு வகையில் எழுதப்பட்டிருக்கும், உக்ரேனியப் பெயரை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், ஊர், ஆண்டு மட்டும் போட்டுப் பாருங்கள். தாய் பெயரை மட்டும் போட்டுப் பாருங்கள். எதுவும் ஆகவில்லை என்றால் அந்த ஊரின் அந்த ஆண்டு ஏட்டைப் படம் படமாகப் புரட்டுங்கள். சின்ன ஊர் என்றால் ஒரு மாலை நேர வேலைதான்.

மனிடோபாவில் 1875 முதல் குடியேறிய ஐஸ்லாந்துக்காரர்களிடம் நமக்குப் பழக்கமான ஒன்று இருக்கிறது: அப்பா பெயர்தான் பின்பெயர். ஜோனின் மகன் ஜோன்சன், மகள் ஜோன்ஸ்டோட்டிர். அண்ணனுக்கும் தங்கைக்கும் வேறு குடும்பப் பெயர் என்று குழம்பிய கனடிய எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்தார்கள். இனிஷியலோடு வந்து இங்கே படிவத்தில் தவித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

பிறப்புப் பதிவு உண்மையிலேயே இல்லை. மாற்று உண்டா?

உண்டு. முதலில் தாமதப் பதிவுகளைப் பாருங்கள். 1927இல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது 70 வயது ஆனதை நிரூபிக்க வேண்டியிருந்தது. கிழவர்களும் கிழவிகளும் அண்ணனையோ பழைய பைபிளையோ சாட்சிக்குக் கொண்டுவந்து பிறப்பைப் பதிவு செய்தார்கள். இவை பெரும்பாலும் தனி வரிசையில் இருக்கும்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1901 கணக்கெடுப்பில் முழுப் பிறந்த தேதியையே கேட்டார்கள், குடியேறியவராக இருந்தால் வந்த ஆண்டையும் கேட்டார்கள். 1911இல் மாதமும் ஆண்டும். 92 ஆண்டு கழித்துத்தான் வெளியிடுவார்கள். 1931க்குரியது 2023 ஜூனில் வந்தது, 1941க்குரியதற்கு 2033 வரை காத்திருக்க வேண்டும்.

முதல் உலகப் போருக்குப் போனவரானால் 6 லட்சத்துக்கு மேற்பட்ட ராணுவக் கோப்புகள் ஒட்டாவா காப்பகத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. சேரும்போது எழுதிய தாளில் பிறந்த தேதியும் நெருங்கிய உறவினர் பெயரும் உண்டு. வயதைக் கூட்டிச் சொன்ன விடலைகளும் குறைத்துச் சொன்ன நடுவயதினரும் ஏராளம் என்பதை மறக்க வேண்டாம்.

பதிவு எவ்வளவு பழையதானால் பொதுவில் பார்க்கலாம்?

பிரிட்டிஷ் கொலம்பியா: பிறப்பு 120 ஆண்டு, திருமணம் 75, இறப்பு 20. இறப்புக்கு இவ்வளவு தாராளம் வேறெங்கும் பார்க்கவில்லை. நோவா ஸ்கோசியா 100, 75, 50. மனிடோபா 100, 80, 70. ஆல்பர்ட்டா 120, 75, 50. ஒன்டாரியோவில் பிறப்புக்கு நூறுக்குச் சற்று மேல், திருமணத்துக்கு எண்பதுக்குச் சற்று மேல், இறப்புக்கு எழுபதுக்குச் சற்று மேல். அதற்குள் வருவதெல்லாம் மாகாணப் பதிவாளரிடம் நெருங்கிய உறவைக் காட்டி, கட்டணம் கட்டி வாங்க வேண்டியவை.

காசு கட்டாமல் முடியுமா?

பெரும்பகுதி முடியும். நோவா ஸ்கோசியா, நியூ பிரன்ஸ்விக், பிரிட்டிஷ் கொலம்பியா காப்பகங்களின் தளங்களில் பதிவின் படமே இலவசம். மனிடோபாவில் தேடல் இலவசம், பிரதிக்குக் கட்டணம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் ஒன்டாரியோ பதிவுகளும் கியூபெக் கத்தோலிக்க ஏடுகளும் கிடைக்கும். ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்துக்குச் சந்தா கட்டுமுன் உங்கள் ஊர் நூலகத்தில் விசாரியுங்கள். பல பொது நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். ஒன்டாரியோ ஆவணக் காப்பகம் யார்க் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கிறது, நேரிலும் போகலாம்.

தாத்தா இங்கிலாந்திலிருந்து தனியாக வந்த சிறுவன் என்கிறார்கள். அது எப்படி?

'ஹோம் சில்ட்ரன்' ஆக இருக்க வாய்ப்பு அதிகம். 1869 முதல் 1930களின் தொடக்கம் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை பிரிட்டனிலிருந்து கப்பலேற்றி, கனடியப் பண்ணைகளில் வேலைக்கு விட்டார்கள். அநாதைகள் என்று சொல்லப்பட்டாலும் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார். ஒட்டாவா காப்பகத்தில் இவர்களுக்கென்று தனித் தரவுத்தளம் உண்டு. கப்பல், ஆண்டு, அனுப்பிய நிறுவனம் தெரிந்துவிடும். பர்னார்டோஸ் அனுப்பிய பிள்ளை என்றால் அந்த நிறுவனமே சந்ததியருக்குக் கோப்பைத் தேடித் தரும். பிறப்புப் பதிவு மட்டும் பிரிட்டனில்தான்.

பூர்வகுடி முன்னோர், சீன முன்னோர் என்றால்?

இரண்டிலுமே சாதாரணப் பதிவேட்டைவிட, அரசு அவர்களைக் கண்காணிக்க எழுதிய ஏடுகளில்தான் தகவல் அதிகம். வருத்தமான விஷயம், ஆனால் தேடுபவருக்கு அதுதான் வழி.

பூர்வகுடிகளுக்கு உடன்படிக்கைப் பணம் கொடுத்த பட்டியல்கள் குடும்பத் தலைவர் பெயரில் ஆண்டுதோறும் இருக்கின்றன. மெட்டிஸ் மக்கள் (பூர்வகுடி, ஐரோப்பிய வழி இரண்டும் கலந்தவர்கள்) நிலச்சீட்டுக்காகக் கொடுத்த பிரமாணப் பத்திரங்களில் பிறந்த இடமும் பெற்றோர் பெயரும் உண்டு. விலங்குகளின் ரோமத்தோல் வணிகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வினிபெக்கில் உள்ள ஹட்சன் பே நிறுவனக் காப்பகம். வெளியாளை மணந்த பெண் 1985 வரை சட்டப்படி பூர்வகுடித் தகுதியை இழந்தாள். ஒரு பாட்டி திடீரென்று பட்டியலிலிருந்து மறைந்தால், இறந்துவிட்டார் என்று முடிவு கட்டாமல் திருமணத்தைத் தேடுங்கள். பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துச் சேர்த்த விடுதிப் பள்ளிகளிலிருந்து திரும்பாதவர்களுக்கு, மனிடோபா பல்கலைக்கழகத்தில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத் தேசிய மையம்.

சீனர்களுக்கு 1885 முதல் தலைவரி, அதாவது நாட்டுக்குள் வர ஆளுக்கு இவ்வளவு என்ற வரி. ஐம்பது டாலரில் தொடங்கி 1903இல் ஐந்நூறு ஆனது. வரி கட்டியவர்களின் பொதுப் பதிவேட்டில் கிராமம், வயது, கப்பல் எல்லாம் இருக்கும். சீனர் குடியேற்றத்தைத் தடுத்த 1923 சட்டம் கனடாவிலேயே பிறந்த சீனர்களையும் பதிவு செய்யச் சொன்னது, அதனால் குழந்தைகளுக்குக்கூடப் படத்தோடு படிவம் கிடைக்கிறது.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இணையத்தில் எடுத்த படம் போதுமா?

குடும்ப மரத்துக்குப் போதும், அரசு அலுவலகத்துக்குப் போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சான்றளித்த பிரதி வாங்குங்கள். பழையது என்றால் காப்பகத்திலிருந்து, புதியது என்றால் பதிவாளரிடமிருந்து. படத்தில் உள்ள பதிவு எண், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகியவற்றை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் தேடுவது சுலபம்.